எல்லையும் ஒரு வடிகட்டியே: நிகழ்வுச் செவ்வகம் நிரப்பும் நிரல் ஒன்றின் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சேமித்து வைத்த தரவுக் கோப்பைப் படித்து, ஹிஸ்டோகிராம் எனப்படும் நிகழ்வுச் செவ்வகத்தை நிரப்புவது அறிவியல் பகுப்பாய்வின் மிக எளிய படியாகக் கருதப்படுகிறது. எண்ணுவதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்பது பொதுவான எண்ணம். செர்ன் ஆய்வகத்தில் உருவான ரூட் மென்பொருளுடன் வழங்கப்படும் பயிற்சி நிரல் ஒன்றை இக்கட்டுரை வரிவரியாக வாசிக்கிறது. அந்நிரல் தான் விலக்கும் தரவுகளுள் ஒரு பகுதியை வெளிப்படையாக அறிக்கையிட்டு, மற்றொரு பகுதியை அறிக்கையிடாமல் விடுகிறது என்பது இவ்வாசிப்பில் தெரியவருகிறது. படத்தின் எல்லை, பிரிவின் அகலம், எண்ணப்படும் அலகு, எடை ஆகிய நான்கும் நிபந்தனைகளுக்கு நிகரான தெரிவுகள் என்றும், அவை படத்துடன் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும் என்றும் கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்வுச் செவ்வகம், தரவுக் கோப்பு, ரூட், திறந்த தரவு, நிரல் வாசிப்பு, கணினித்தமிழ்

முன்னுரை

குறுந்தொகை 4 முதல் 8 அடி வரையுள்ள பாடல்களின் தொகை. நற்றிணை 9 முதல் 12 அடி வரையும், அகநானூறு 13 முதல் 31 அடி வரையும் அமைந்தவை. அடியளவை எல்லையாகக் கொண்டு அகப்பாடல்களை வகுத்த இம்முறையை இன்றைய புள்ளியியல் மொழியில் மூன்று பிரிவுகளை உடைய ஒரு பரவல் எனலாம். குறுந்தொகையின் 307, 391 ஆம் பாடல்கள் 9 அடிகளை உடையவை. அந்நூலை அறிமுகப்படுத்துவோர் 4 முதல் 8 அடி என்று எல்லையைச் சொன்ன கையோடு, அதைக் கடந்து நிற்கும் இவ்விரு பாடல்களையும் சுட்டுவது வழக்கம். எல்லையையும் எல்லைக்கு வெளியே நின்றவற்றையும் சேர்த்துச் சொல்லும் இவ்வழக்கம், கணினி வழியான பகுப்பாய்வில் எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா இயற்பியலாருக்கு மட்டும் உரியதன்று. சொல்லடைவு, தரவகம், நடையியல் ஆகிய துறைகளில் எழுதப்படும் தமிழாய்வுக் கட்டுரைகளிலும் இப்போது வரைபடங்கள் இடம்பெறுகின்றன. அவற்றைக் காணும் மதிப்பீட்டாளர் படத்தை ஆராய்கிறார். படத்தை நிரப்பிய நிரலைக் கேட்டுப் பெறுவது அரிது. பனுவலை வாசிக்கும் கவனத்தோடு நிரலையும் வாசித்தால் என்ன தெரியவரும் என்பதைக் காட்ட, எவரும் பெற்றுச் சரிபார்க்கக்கூடிய ஒரு நிரல் தேவைப்படுகிறது. துகள் இயற்பியல் அத்தகைய நிரலையும் அது படிக்கும் கோப்பையும் பொதுவில் வைத்துள்ளது.

நிரப்புதல் என்னும் செயல்

ரூட் மென்பொருள் 1990களின் நடுவில் ரெனே புருன், ஃபோன்ஸ் ராடமேக்கர்ஸ் ஆகியோரால் செர்ன் ஆய்வகத்தில் தொடங்கப்பட்டது. அதன் கோப்புகளில் தரவு ‘மரம்’ என்னும் அமைப்பில் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு துகள் மோதலும் மரத்தின் ஒரு பதிவு. உந்தம், கோணம், மின்னூட்டம் போன்ற ஒவ்வோர் அளவும் ஒரு ‘கிளை’. கிளைகள் தனித்தனியே சுருக்கி வைக்கப்படுவதால், தேவையான கிளையை மட்டும் படித்துக்கொள்ள முடிகிறது.

நிகழ்வுச் செவ்வகத்தை அமைக்க மூன்று எண்கள் வேண்டும்: கீழெல்லை, மேலெல்லை, இடைப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை. நிரல் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, ஒவ்வொரு மதிப்பும் எந்தப் பிரிவில் விழுகிறதோ அந்தப் பிரிவின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இச்செயல் ஒருவழிப் பாதையாகும். நிரப்பி முடிந்தபின் தனி மதிப்புகள் செவ்வகத்தில் இல்லை. அடுத்தடுத்த பிரிவுகளை இணைத்து அகலமாக்கலாம். ஒரு பிரிவை மேலும் நுண்மையாகப் பிளக்க இயலாது. நிபந்தனையை மாற்ற வேண்டுமானால் கோப்புக்கே திரும்ப வேண்டும். மூலச்சுவடிக்கும் அச்சுப் பதிப்புக்கும் உள்ள உறவு கோப்புக்கும் செவ்வகத்துக்கும் உண்டு. சுவடி கைக்கெட்டாத நிலையில் பதிப்பாசிரியர் எடுத்த முடிவுகளே பனுவலாகி நிலைத்துவிடுவதை நாம் அறிவோம்.

வாசிப்புக்குரிய நிரல்

இங்கு வாசிக்கப்படுவது, ரூட்டின் ‘ஆர்டேட்டாஃப்ரேம்’ பயிற்சிகளுள் ஒன்றாகிய இருமியூவான் பகுப்பாய்வு. செர்னில் உள்ள சிஎம்எஸ் ஆய்வுக்குழு 2012இல் திரட்டி, பின்னர்ப் பொதுவில் வெளியிட்ட தரவிலிருந்து சுருக்கப்பட்ட ஒரு கோப்பை இந்நிரல் படிக்கிறது. அக்கோப்பில் 6 கோடிக்கும் மேற்பட்ட மோதல்கள் உள்ளன.

நிரலின் போக்கு எளியது. சரியாக இரண்டு மியூவான்கள் உள்ள மோதல்களை மட்டும் முதற்கண் கொள்கிறது. அவற்றுள் இரு மியூவான்களும் எதிரெதிர் மின்னூட்டம் உடையவற்றை அடுத்துத் தெரிகிறது. பின்னர் அவ்விணையின் மாறா நிறையைக் கணக்கிட்டு, 0.25 முதல் 300 கிகா எலக்ட்ரான்வோல்ட் (இனி, ஜிஇவி) வரை 30000 பிரிவுகளை உடைய செவ்வகத்தில் நிரப்புகிறது. இரு அச்சுகளையும் மடக்கை அளவில் வரைகிறது. கிடைக்கும் படத்தில் ஃபை துகள் 1.02 ஜிஇவி அருகிலும், ஜே-சை 3.10 அருகிலும், ஊப்சிலான் குடும்பம் 9.5 முதல் 10.4 வரையிலும், இசட் 91 அருகிலும் முகடுகளாக எழுகின்றன. ஜே-சை 1974இலும் ஊப்சிலான் 1977இலும் இசட் 1983இலும் கண்டறியப்பட்டவை. பல பத்தாண்டுக் கண்டுபிடிப்புகளைச் சில வரி நிரலால் ஒரே படத்தில் கொண்டுவந்து நிறுத்துவது இந்நிரலின் வெற்றி.

வெளிப்படையான விலக்கல்

இந்நிரலின் சிறப்பு அதன் சுருக்கத்தில் மட்டும் இல்லை. இதன் இரு வடிகட்டிகளுக்கும் பெயர் இடப்பட்டுள்ளது. ‘சரியாக இரண்டு மியூவான்கள் உள்ள மோதல்கள்’ என்ற பொருள்பட ஒன்றும், ‘எதிர் மின்னூட்டம் உடையவை’ என்ற பொருள்பட மற்றொன்றும் அமைந்துள்ளன. நிரலின் இறுதியில் ஓர் அறிக்கை அச்சாகிறது. ஒவ்வொரு வடிகட்டியிலும் எத்தனை மோதல்கள் நுழைந்தன, எத்தனை கடந்தன என்பதை அது தெரிவிக்கிறது.

ரூட்டின் பழைய எழுத்துமுறையோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு விளங்கும். பழைய முறையில் ஆய்வாளர் சுழற்சியைத் தாமே எழுதி, அதனுள் ‘இவ்வாறு இல்லையெனில் தொடர்க’ என்று நிபந்தனைகளை இட்டுச் செல்வார். ஒவ்வொரு ‘தொடர்க’ வரியும் ஒரு விலக்கல்; ஆனால் தனியே எண்ணி வைத்தாலன்றி, எத்தனை பதிவுகள் அவ்வரியில் நீங்கின என்பதற்குச் சுவடு இராது. இன்னொரு முறையில் மாறியின் பெயரையும் நிபந்தனையையும் ஒரே வரியில் கொடுத்துப் படத்தைப் பெறலாம். அம்முறை விரைவானது; எல்லையைக் குறிப்பிடாவிட்டால் தரவைப் பார்த்து மென்பொருளே எல்லையை வகுத்துக்கொள்ளும். ஆர்டேட்டாஃப்ரேம் முறையோ வடிகட்டியைப் பெயருள்ள உறுப்பாக்கி, விலக்கலுக்குக் கணக்குக் காட்ட வழி செய்கிறது. இதை நிரலெழுத்தின் நேர்மையில் ஏற்பட்ட முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும்.

சொல்லப்படாத வடிகட்டி

அறிக்கையில் இடம்பெறாத விலக்கல் ஒன்றும் நிரலில் உள்ளது. அது செவ்வகத்தின் எல்லை. ஒரு மியூவானின் நிறை ஏறத்தாழ 0.1057 ஜிஇவி. ஆகவே இரு மியூவான்களின் மாறா நிறை 0.2113 ஜிஇவியிலிருந்து தொடங்கலாம். படமோ 0.25இல் தொடங்குகிறது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட இணைகள் இரு வடிகட்டிகளையும் கடந்தவை. அறிக்கையில் ‘ஏற்கப்பட்டவை’ என்ற கணக்கில் இருப்பவை. ஆயினும் படத்தில் இல்லாதவை. 300 ஜிஇவிக்கு மேற்பட்ட இணைகளுக்கும் இதே நிலைதான்.

ரூட் இவற்றை அழித்துவிடுவதில்லை. எல்லைக்குக் கீழ்ப்பட்டவற்றைச் சுழியம் எண்ணிட்ட பிரிவிலும், மேற்பட்டவற்றை இறுதிப் பிரிவுக்கு அடுத்த பிரிவிலும் சேர்த்து வைக்கிறது. கணக்கு முறை தோல்வியுற்று எண்ணல்லாத மதிப்புத் தோன்றினால் அதுவும் மேற்பட்டவற்றோடு சேர்கிறது. எனவே மேல்வழிந்த பிரிவின் எண்ணிக்கை திடீரென மிகுந்தால், உயர் நிறைத் துகள்கள் கிடைத்தன என்றும் பொருள்படலாம், நிரலில் பிழை உண்டு என்றும் பொருள்படலாம். இவ்விரு பிரிவுகளும் படத்தில் தோன்றா. இந்நிரல் படத்தின் மூலையில் வழக்கமாக அச்சாகும் புள்ளிவிவரப் பெட்டியையும் நீக்கியுள்ளது. காட்சித் தெளிவுக்காக இது செய்யப்பட்டிருக்கலாம். விளைவாக, மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையையும் படம் தருவதில்லை.

எல்லை ஒரு வரைதல் வசதி என்று கருதப்படுவதால்தான் இது கவனத்துக்கு வருவதில்லை. ‘நிறை 0.25க்கு மேல் 300க்குக் கீழ்’ என்று மூன்றாவது வடிகட்டியாக எழுதியிருந்தால் அறிக்கையில் அதற்கும் ஒரு வரி கிடைத்திருக்கும். எல்லையாக எழுதப்பட்டதால் கிடைக்கவில்லை. படத்தைப் பொறுத்தவரை இரண்டின் விளைவும் ஒன்றே.

எல்லைப்புள்ளியின் நடைமுறையும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுகிறது. ரூட்டில் ஒவ்வொரு பிரிவும் தன் கீழ் விளிம்பை உட்கொள்ளும், மேல் விளிம்பை உட்கொள்ளாது. மேலெல்லைக்குச் சரியாகச் சமமான மதிப்பு மேல்வழிந்த பிரிவுக்குப் போகும். பைதான் மொழியின் நம்பை தொகுப்பில் அதே மதிப்பு இறுதிப் பிரிவில் சேரும். எல்லைக்கு வெளியேயான மதிப்புகளை நம்பை எங்கும் பதியாமல் விட்டுவிடும். மாணவர் மதிப்பெண்களை 0 முதல் 100 வரை நிரப்பினால், நூற்றுக்கு நூறு பெற்றவர்கள் நம்பையின் படத்தில் இருப்பார்கள், ரூட்டின் படத்தில் இருக்கமாட்டார்கள். கோப்பு ஒன்று, எல்லை ஒன்று, எண்ணிக்கை இரண்டு.

பிரிவின் அகலம்

30000 பிரிவுகள் 299.75 ஜிஇவி நீளத்தைப் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ 0.01 ஜிஇவி. எல்லாப் பிரிவும் ஒரே அகலம் உடையதாதலால் எந்த இரு உயரங்களையும் நேரடியாக ஒப்பிடலாம் என்பது இத்தெரிவின் நன்மை. ஆனால் கிடையச்சு மடக்கை அளவில் உள்ளது. அவ்வச்சில் சம அகலப் பிரிவுகள் இடப்புறத்தில் பருத்தும் வலப்புறத்தில் மெலிந்தும் தோன்றும். இடக்கோடியில் ஒரு பிரிவு முகடு ஒன்றின் வடிவத்தையே மழுங்கச் செய்யலாம். வலப்புறத்தில், இயல்பகலமே ஏறத்தாழ 2.5 ஜிஇவியாக உள்ள இசட் முகட்டின்மேல் 250 பிரிவுகள் நெருங்கி நிற்கும். ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை குறைவதால் தற்செயல் ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் பெரிதாகப் படும். முகடுகளின் பரப்பைக் கண்ணால் ஒப்பிடுவதற்கு இப்படம் உகந்ததன்று.

தற்செயல் திரட்சியைத் துகள் என்று கொண்ட நேர்வு இத்துறையின் வரலாற்றில் உண்டு. லியோன் லெடர்மன் தலைமையிலான ஃபெர்மிலேப் குழு, எலக்ட்ரான் இணைகளின் நிறைப் பரவலில் 6 ஜிஇவி அருகே கண்ட ஒரு திரட்சியை 1976இல் புதிய துகளாக அறிவித்தது. மேலும் தரவு சேர்ந்தபோது அத்திரட்சி மறைந்தது. அதே குழு 1977இல் மியூவான் இணைகளில் 9.5 ஜிஇவி அருகே மெய்யான ஊப்சிலானைக் கண்டறிந்தது. முதல் அறிவிப்பு தரவைத் திரித்ததால் எழுந்ததன்று. சிறு எண்ணிக்கைகளின் தற்செயலால் எழுந்தது. அத்தகைய தற்செயல் எங்கே, எவ்வளவு உயரமாகத் தோன்றும் என்பதைப் பிரிவின் அகலமும் தீர்மானிக்கிறது. ஆகவே, அகலத்தை மாற்றினால் முகடு நிற்கிறதா என்று பார்ப்பது வாசகர் கேட்கத்தக்க முதற் கேள்வி. அதற்கு விடை காணக் கோப்பு வேண்டும்.

அலகு, எடை, கொள்ளளவு

இந்நிரலில் ஒரு மோதலுக்கு ஓர் இணை. ஆகவே எண்ணப்படும் அலகில் ஐயம் இல்லை. ஒவ்வொரு மியூவானின் உந்தத்தையும் நிரப்பினால் நிலை மாறும். ஒரு பதிவில் மியூவான்களின் பட்டியலே இருக்குமாதலால், பதிவு ஒன்றுக்குப் பலமுறை நிரப்பப்படும். அப்போது செவ்வகம் காட்டும் மொத்தம் மோதல்களின் எண்ணிக்கை ஆகாது.

தமிழ்த் தரவக ஆய்வில் இச்சிக்கல் வேறு உருவில் எதிர்ப்படுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல் மூன்று எழுத்துகளை உடையது. ஒருங்குறியில் அது ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. உயிர்மெய்யின் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். பைதான் மொழியின் நீளக் கட்டளையைக் கொண்டு சொல் நீளப் பரவலை வரைபவர் இச்சொல்லை மூன்றுக்குப் பதில் ஐந்தாம் பிரிவில் இடுவார். படம் பிழையின்றி அச்சாகும். தொல்காப்பியம் எழுத்து என்று வகுத்ததை அப்படம் எண்ணவில்லை என்பது, நிரலைப் பார்த்தாலன்றித் தெரியாது.

எடையும் இத்தகையது. உருவகப்படுத்திய தரவில் ஒவ்வொரு பதிவும் ஒன்றாக எண்ணப்படாமல், தனக்குரிய எடையுடன் கூட்டப்படுவது வழக்கம். ரூட்டின் ஒருவரி முறையில் நிபந்தனைக்குரிய இடமே எடைக்கும் உரிய இடம். எடையையும் நிபந்தனையையும் பெருக்கற்குறியால் இணைத்தால், நிபந்தனை நிறைவேறிய பதிவு தன் எடையுடன் சேரும். ‘இதுவும் அதுவும்’ என்னும் தருக்கக் குறியால் இணைத்தால் விடை உண்மை அல்லது பொய் என்றாகி, சுழியமல்லாத எந்த எடையும் ஒன்றாகச் சுருங்கும். மென்பொருள் எச்சரிக்காது, இரண்டும் முறையான தொடர்களே. பிழை அளவையும் இது பாதிக்கும். எடையிட்ட பிரிவின் பிழை, எடைகளின் வர்க்கங்களைக் கூட்டி அதன் வர்க்கமூலம் காண்பதால் கிடைப்பது. எடை ஒன்றாகச் சுருங்கினால் அக்கணக்கும் பொருளிழக்கும்.

கொள்ளளவுக்கு வருவோம். ரூட்டின் செவ்வகங்களுள் 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் எண்ணிக்கையைச் சேமிப்பவையும் உண்டு, 64 பிட்டில் சேமிப்பவையும் உண்டு. முன்னவற்றில் ஒரு பிரிவு 1,67,77,216 என்ற எண்ணை எட்டியபின் ஒவ்வொன்றாகக் கூட்டினால் மேலேறாது. அந்நுண்மையில் அடுத்த முழு எண்ணைக் குறிக்க இயலாமையே காரணம். 6 கோடி மோதல்களை மூன்றே பிரிவுகளில் நிரப்பினால் ஒரு பிரிவாவது 2 கோடியை எட்டியாக வேண்டும். 32 பிட் செவ்வகம் அதை எட்டாது. மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை தனியே சரியாக ஏறிக்கொண்டிருக்கும். பிரிவுகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுபவருக்கே குறைபாடு புலப்படும். நாம் வாசிக்கும் நிரல் 64 பிட் வகையைப் பயன்படுத்துவதால் இவ்வாபத்துக்கு உட்படவில்லை.

எதிர்வாதம்

பயிற்சிக்காக எழுதப்பட்ட சிறு நிரலிடம் இத்தனை எதிர்பார்ப்பது முறையா என்று கேட்கலாம். ஆய்விதழில் வெளியாகும் அளவீடுகளுக்கு விரிவான சரிபார்ப்புகள் உள்ளன என்றும், இந்நிரல் அவ்வகையினது அன்று என்றும் கூறலாம். இரண்டும் உண்மையே. எனினும் பயிற்சி நிரல்கள் படியெடுக்கப்படுவதற்காகவே எழுதப்படுகின்றன. முதலாண்டு ஆய்வாளர் அதை நகலெடுத்து, கோப்பின் பெயரையும் மாறியின் பெயரையும் மாற்றித் தம் பணியைத் தொடங்குகிறார். எல்லையும் பெட்டியை நீக்கும் வரியும் அப்படியே உடன்வருகின்றன. முன்மாதிரியில் இல்லாத ஒழுக்கம் படியில் தோன்றுவது கடினம்.

கோப்பே பொதுவில் உள்ளதால் ஐயமுற்றவர் தாமே நிரப்பிக்கொள்ளலாம் என்பது வலுவான எதிர்வாதம். இக்கட்டுரை அதை ஏற்கிறது. இத்திறனாய்வு இயன்றதும் அதனால்தான். ஆனால் அக்கோப்பும் தெரிவுகளின் விளைபொருளே. இரு மியூவான் தடயம் கண்டவுடன் பதிவுசெய்யும் கருவித் தெரிவில் தேறிய மோதல்களே அதில் உள்ளன. ஆகவே முகடுகளின் உயர விகிதம் இயற்கையில் அத்துகள்கள் தோன்றும் விகிதத்தைக் காட்டாது. கோப்புக்கு முந்தைய தெரிவுகள் கோப்போடு வரும் விளக்கத்தில் சொல்லப்பட வேண்டும் என்றால், கோப்புக்குப் பிந்தைய தெரிவுகள் படத்தோடு சொல்லப்பட வேண்டும். பல துறைகளில், நம் துறை உட்பட, கோப்பு வெளியிடப்படுவதும் இல்லை. அந்நிலையில் செவ்வகமே கடைசிச் சாட்சி.

முடிவுரை

இவ்வாசிப்பிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றே. நிரப்புதலில் விலக்கல் இரு வகையாக நிகழ்கிறது: நிபந்தனையாக எழுதப்படுவது ஒன்று, எல்லையாக எழுதப்படுவது மற்றொன்று. முன்னதற்குக் கணக்குக் காட்டும் ஒழுங்கு உருவாகியுள்ளது. பின்னதற்கு இன்னும் உருவாகவில்லை. கோப்பிலிருந்து நிரப்பப்பட்ட எந்தப் படத்தோடும் நான்கு செய்திகளை அச்சிடுவது போதுமானது: எண்ணப்பட்ட அலகு எது, மொத்தம் எத்தனை பதிவுகள் நிரப்பப்பட்டன, கீழும் மேலும் எல்லைக்கு வெளியே நின்றவை எத்தனை, பிரிவின் அகலமும் எடையும் எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டன. மூன்று வரிகளில் அடங்கக்கூடிய இக்குறிப்பை மதிப்பீட்டாளர் கேட்கத் தொடங்கினால் ஆசிரியர்கள் எழுதத் தொடங்குவார்கள்.

குறுந்தொகையின் எல்லையைச் சொல்லும்போது 307, 391 ஆம் பாடல்களையும் சொல்லுகிறோம். அவ்விரண்டைச் சொல்வதால் தொகையின் ஒழுங்கு குலைவதில்லை. 4 முதல் 8 அடி என்ற எல்லை எந்த அளவுக்கு உண்மை என்பதை அறிகிறோம். பாடல்களுக்கு நாம் தரும் இம்மதிப்பைத் தரவுகளுக்கும் தருவது அரிய செயலன்று.